சார், சாப்பிட்டீங்களா?

(2021 நவம்பரில், ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



2020 மார்ச்சில் பள்ளியைப் பூட்டியபோது கரும்பலகையில் இருந்த தேதியை நான் அழிக்கவில்லை. பதினைந்து நாளில் திரும்பிவிடுவோம் என்று நினைத்தேன். நம் பிள்ளைகள் மீண்டும் வகுப்பறைக்கு வர 2021 நவம்பர் 1 ஆகிவிட்டது.

முதல் சில மாதங்கள் வாட்ஸ்அப் குழுவில் பாடக் காணொளிகளை அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் குறி வரும். வகுப்பு நடக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். சத்துணவுக்குப் பதிலாக உலர் உணவுப் பொருள்கள் வழங்கிய அன்று, ஏழாம் வகுப்புப் பெற்றோர் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். இருபத்தாறு வீடுகளில் பகலில் கைபேசி இருப்பது ஒன்பதில்தான். மற்ற வீடுகளில் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. கட்டைவிரலைக் காட்டியவர்கள் அப்பாக்கள்!

அந்நாளில் இணையவழிக் கூட்டங்களில் எல்லாம் நியூட்டன் கதையைச் சொன்னார்கள். 1665இல் கொள்ளை நோய்க்காக கேம்பிரிட்ஜ் மூடப்பட்டது, அவர் ஊரில் இருந்தே பெரிய ஆராய்ச்சிகளைச் செய்தார் என்று. உண்மைதான். ஆனால் ஆடு மேய்க்கப் போன என் மாணவனுக்கு அதை எப்படிச் சொல்வது?

‘பள்ளி திறந்தால் எல்லாம் சரியாகும்’ என்பதை நான் நம்பிக்கை என்று எண்ணியிருந்தேன். வேலையைத் தள்ளிப்போட அது நல்ல சாக்காக இருந்தது, அவ்வளவுதான். பழைய பள்ளி இப்போதைக்கு இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகே ஏதோ செய்யத் தோன்றியது. அப்பாக்கள் வீடு திரும்பும் இரவு ஏழு மணிக்கு மேல், நாளுக்கு நான்கு பிள்ளைகளை அழைத்தேன். முதல் கேள்வி, “சாப்பிட்டியா?” பிறகு பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்வேன். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை.

2021 மே மாதம் எனக்கே தொற்று வந்தது. தனி அறை, சாத்திய கதவு, வாசலில் வைத்துவிட்டுப் போகும் தட்டு. அழைப்பதை நிறுத்திவிட்டேன். நான்காம் நாள் இரவு ஏழரைக்குக் கைபேசி அடித்தது. “சார், சாப்பிட்டீங்களா?” என்றாள் ஒரு மாணவி. மறுநாள் வேறொருவன். தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது. அந்த நாள்களில் நான் ஏழரை மணிக்காகக் காத்திருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமில்லை.

இப்போது பள்ளி திறந்திருக்கிறது. ஆனால் முதல் வகுப்பு முடியும் முன்பே வீட்டுக்குப் போன குழந்தை, மூன்றாம் வகுப்பில் வந்து அமர்ந்திருக்கிறது. இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு மணியடித்தால் என்ன செய்வது என்றே தெரியவில்லை. மூன்றாம் வகுப்புப் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து நடத்தி முடிப்பதால் யாருக்கு என்ன பயன்? எழுத்து தெரியாவிட்டால் எழுத்திலிருந்து தொடங்குவோம். ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலர்கள் மாலையில் வரப்போகிறார்கள். எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். நம் வேலையில் பாதியை அவர்கள் சுமக்கப்போகிறார்கள்.

அந்த இருபத்தாறு பேர் இப்போது எட்டாம் வகுப்பு. இருபத்தைந்து பேர் வந்துவிட்டார்கள். ஒருவன் திருப்பூரில் உறவினரோடு பனியன் வேலையில் இருக்கிறான். இரண்டு முறை அவன் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் முறை பள்ளி மேலாண்மைக் குழுவினரையும் அழைத்துச் சென்றேன். பொங்கலுக்கு வருவான் என்கிறார் அவன் அம்மா. வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் அப்படியே இருக்கிறது. வாரம் ஒருமுறை, இரவு ஏழரைக்கு, அவனை இன்னும் அழைத்துக்கொண்டிருக்கிறேன்.