உகந்தை மலையும் ஊர்க் கதைகளும்

(இளைஞர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)





ஒரு பக்கம் வயலும் மறுபக்கம் கடலுமாக வாழும் நமக்கு மலையைப் பற்றி ஒரு பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை என்று நீளும் இக்கரை முழுவதும் சமதரைதான். ஆயினும், ஆண்டுதோறும் கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முன்னர், காவி உடுத்து, வேல் தாங்கி, நமது வீதி வழியே தெற்கு நோக்கி நடப்போரைக் கண்டிராத பிள்ளை இங்கே உண்டா? இந்து என்றும் முஸ்லிம் என்றும் பாராது, வாசலில் நின்று அவர்களுக்குத் தண்ணீர் வார்த்த கைகளை நான் கண்டிருக்கிறேன். அந்த அடியார்கள் அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், பொத்துவில், பாணமை எல்லாம் கடந்து சென்று தங்கும் இடம் உகந்தை மலை. அதற்கப்பால் காடு, காட்டுக்கப்பால் கதிர்காமம். ஆகவே, மலை நமக்குத் தூரத்தில் இருந்தாலும் மலைக்குப் போகும் வழி நமது வாசலால்தான் போகிறது.

அன்பர்களே! உகந்தையைப் பற்றி நம் முன்னோர் சொல்லிவந்த கதைகள் பல. முருகப் பெருமானின் வேல் கடலில் நின்ற மலையைப் பிளந்து, மூன்று கதிர்களைச் சிந்தியதாம். ஒன்று உகந்தை மலை உச்சியிலும், ஒன்று திருக்கோவிலில் நாவல் மரத்திலும், ஒன்று மண்டூரில் தில்லை மரத்திலும் தங்கினவாம். பெருமான் கல்லோடம் ஏறிவந்து இறங்கிய இடமும் உகந்தைக் கரையே என்பர். ஓடம்போற் கிடக்கும் பாறையை இன்றும் அடியார் காட்டுவர். மலைமேல் உள்ள சுனைகள் வள்ளியம்மையின் பேரோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. பெருமான் உகந்து தங்கியதால் உகந்தை என்று பெயருக்கும் ஒரு காரணம் சொல்வர்.

இவை நடந்தனவா என்று ஓர் இளைஞர் கேட்டால், அவரைக் கோபிக்க வேண்டாம். அது நல்ல கேள்வி. ஆனால் அதனோடு இன்னொரு கேள்வியையும் அவர் கேட்கவேண்டும்: மூன்று கதிர்கள் ஏன் இந்த மூன்று ஊர்களில் விழுந்தன? மண்டூர் வாவிக்கரை, திருக்கோவில் கடற்கரை, உகந்தை காட்டின் வாயில். மூன்றையும் ஒரே வேலின் கதிர்கள் என்று சொன்னதால், வெவ்வேறு ஊர்ச் சனங்கள் ஒரே குடும்பம்போல் ஆனார்கள். கதையானது வழிப்படத்தின் வேலையையும் உறவுமுறையின் வேலையையும் செய்திருக்கிறது.

கடலால் வந்து கரையேறும் கதை நமக்கு மட்டும் உரியதும் அன்று. களனி அரசன் மகள் விகாரமகாதேவி கடலில் விடப்பட்டுக் கரைசேர்ந்த இடம் பொத்துவில் என்று சிங்கள மக்களிடையே ஓர் ஐதிகம் உண்டு. தெற்கே கிரிந்தையிலும் அதே கதையைச் சொல்வர். கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் நாகூர் சாகுல் ஹமீது நாயகம் பேரால் கொடியேறுகிறது. அந்த உறவும் கடல் கடந்து வந்த உறவே. கடலைப் பார்த்து வாழ்ந்த மக்கள், தமக்கு அருமையானவை யாவும் கடலால் வந்தன என்று நினைத்ததில் வியப்பென்ன?

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். உகந்தைக்கு அணித்தான குடும்பிகலக் காட்டிலே மழைநீர் உள்ளே வழியாதபடி விளிம்பு வெட்டிய குகைகள் உள்ளன. அவற்றிலே கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்துப் பிராமி எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பௌத்த துறவிகள் அங்கே தவம் செய்தனர். வேடர் வேட்டையாடித் தேன் எடுத்ததும் இந்தக் காட்டில்தான். வள்ளியை வேடர் குலமகள் என்று நாம் பாடுவது அந்த நினைவோடு சேர்ந்ததே. பாணமையிலோ தமிழும் சிங்களமும் கலந்து கொண்டு கொடுத்து வாழ்ந்த குடும்பங்கள் உள்ளன. அங்கே பத்தினித் தெய்வத்துக்கு எடுக்கும் கொம்பிழுப்பு, நமது ஊர்களில் கண்ணகைக்கு எடுத்த கொம்புமுறியின் உடன்பிறப்பு.

ஒரு மலையைப் பலர் பலவாறாகக் காண்பதற்கு வடக்கே நல்ல உதாரணம் ஒன்று உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்து மலை ஒன்றைத் தமிழர் குடும்பிமலை என்றனர். சிங்களவர் தொப்பிகல என்றனர். ஆங்கிலேயர் வந்து பாரன்ஸ் கேப் என்று பிரபு ஒருவரின் தொப்பியாக்கினர். ஒருவர் கண்ணுக்குக் குடும்பி. மற்றவர் கண்ணுக்குத் தொப்பி. மலையோ தான்பாட்டில் நின்றது!

ஆதலால் நான் தாழ்மையாகச் சொல்லும் முதல் வார்த்தை இது. கதையைக் காணி உறுதியாக்காதீர்கள். "எங்கள் கதை இங்கே இருக்கிறது, ஆகவே உனக்கு இங்கே இடமில்லை" என்று எவர் சொன்னாலும், அவர் கதையையும் கெடுத்தார், சரித்திரத்தையும் கெடுத்தார்.

இரண்டாவது வார்த்தை சற்றுத் துயரமானது. உகந்தைக்கு அப்பாலுள்ள குமணக் காடு 1970இல் தேசிய வனமாக்கப்பட்டது. யுத்தம் காரணமாக 1985 முதல் 2003 வரை அது மூடப்பட்டுக் கிடந்தது. கூமுனை என்று நாம் சொல்லும் குமணக் கிராமத்துச் சனங்களும் இடம்பெயர்ந்தனர். 2004 மார்கழி 26ஆம் திகதி கடல் பொங்கி அக்கரையையும் அடித்தது. பின்னர் வழி திறந்தது. அடியார் கூட்டம் முன்னையிலும் பெருகிற்று. ஆனால் இடையிலே ஒரு தலைமுறை அந்தப் பாதையில் ஒழுங்காக நடக்கவில்லை.

அதனால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். என் அநுபவத்தையே சொல்கிறேன். சிறுவனாக இருந்தபோது என் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உகந்தை மலை ஏறினேன். ஒவ்வொரு சுனையருகிலும் நின்று அவர் ஒரு கதை சொல்வார். வீட்டிலே கேட்டால், "அங்க போனாத்தான் மகன் வாயில வரும்" என்பார். வழி திறந்தபின் நான் திரும்பவும் போனேன். அம்மம்மா அப்போது இல்லை. சுனைகள் இருந்தன, தண்ணீரும் இருந்தது. எந்தச் சுனைக்கு எந்தக் கதை என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற என் மகன், "இதுக்கு என்ன கதை அப்பா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லாமல் நின்றேன். கால் மறந்த வழியை வாயும் மறந்துவிடுகிறது, அன்பர்களே.

நமக்கு முன்னே வழிகாட்டியோர் இல்லாமல் இல்லை. எஃப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் மட்டக்களப்பு மான்மியத்தை 1962இல் அச்சேற்றினார்கள். வித்துவான் வி. சீ. கந்தையா அவர்கள் 1964இல் மட்டக்களப்புத் தமிழகத்தை வெளியிட்டார்கள். இன்றும் நாம் ஒரு சந்தேகம் வந்தால் அவற்றைத்தான் புரட்டுகிறோம். அவர்கள் அன்று எழுதிவைத்திராவிட்டால் நமக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

ஆகவே, இளைஞர்களே, ஒரு சிறிய பணியை உங்களிடம் ஒப்படைக்கிறேன். ஆளுக்கொரு கொப்பி எடுங்கள். கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்தாலும் நன்று. உங்கள் வீட்டுப் பெரியவரிடமிருந்து தொடங்குங்கள். சொன்னவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்று குறியுங்கள். அவர் பேசியபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். கேட்ட கதையை ஒரு பக்கத்திலும் கண்ட கல்லெழுத்தை மறுபக்கத்திலும் வையுங்கள். ஒன்றை மற்றொன்றாக்க வேண்டாம். முஸ்லிம் அயலவரிடமும் பாணமைச் சிங்களப் பெரியவரிடமும் சென்று கேளுங்கள். உகந்தைக்குப் பின் வரும் நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்ற ஒவ்வொரு தங்குமிடத்திலும் பத்து நிமிடம் கதைக்காக இருங்கள்.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் கேட்கவில்லையே என்று காத்திராதீர்கள். இந்த ஆடியிலே ஒரு பேரப்பிள்ளையைக் கையிற் பிடித்துக்கொண்டு மலை ஏறுங்கள். சுனையண்டை நின்று சொல்லுங்கள். "இதுக்கு என்ன கதை?" என்று ஒரு பிள்ளை கேட்கும்போது, என்னைப்போல் இன்னொருவர் வாயடைத்து நிற்க வேண்டாம்.