சட்டைப்பையில் ஒரு துணை

மதுவுக்கு அடிமையான ஒருவர் வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறும் நாட்களில் அதனை விட்டிருத்தல் அத்துணை அரிதன்று. அங்கே மது இல்லை. பழைய கூட்டாளிகளும் இல்லை. தாதியரும் ஆலோசகரும் அருகில் இருக்கின்றனர். சோதனை அவர் வீடு திரும்பும் நாளிலேதான் தொடங்குகின்றது. சம்பளம் கைக்கு வந்த மாலையிலும், வழக்கமான தவறணை வாயிலைக் கடக்கும் பொழுதிலும், உறக்கம் வாராத நள்ளிரவிலும் அவர் தனித்தே நிற்கின்றார். ஆலோசகரைக் காணும் நாளோ அடுத்த வாரத்தில் இருக்கின்றது. இவ்விடைவெளியில் கைத்தொலைபேசி ஏதும் செய்யக்கூடுமா?

ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டேவிட் குஸ்டாப்சனும் அவர் குழுவினரும் இவ்வினாவை ஆராய்ந்தனர். குஸ்டாப்சன் வைத்தியர் அல்லர்; பொறியியலாளர். ஒரு பணி எவ்விடத்தில் அறுபடுகின்றது என்று தேடுவது பொறியியலாளருக்குப் பழகிய வேலையல்லவா? அவர்கள் ஆக்கிய செயலிக்கு ‘ஏ-செஸ்’ என்று பெயர். சிகிச்சை நிலையத்தை விட்டு வெளியேறுவோரின் தொலைபேசியில் இது இருக்கும். தமக்கு ஆபத்தானவை என்று நோயாளரே முன்னர் குறித்துக் கொடுத்த இடங்களை அவர் நெருங்கினால், அது அவரை எச்சரிக்கும். வாரந்தோறும் அவரது நிலையை வினாவி, விடையை ஆலோசகருக்கு அறிவிக்கும். அதே துன்பத்தைக் கடந்து வருவோருடன் உரையாடவும் அதிலே இடமுண்டு. மது வேட்கை மீறி எழுமாயின் அழுத்துவதற்கு ஒரு பொத்தானும் இருந்தது. அதனை அழுத்தியதும், குடியை விடுவதற்கு அவர் முன்பு கூறிய காரணங்கள் திரையில் தோன்றும். அவர் தெரிந்துவைத்த உறவினர்க்கோ நண்பர்க்கோ செய்தி செல்லும்.

இதன் பயனை 349 நோயாளரிடம் சோதித்து, 2014-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு சாரார் வழமையான கவனிப்பை மட்டும் பெற்றனர். மறு சாராருக்கு எட்டு மாதம் இச்செயலியும் கிடைத்தது. அளவுமீறிக் குடித்த நாட்கள், முப்பது நாளில், முன்னவர்க்குச் சராசரி 2.75, பின்னவர்க்கு 1.39. ஏறக்குறையப் பாதி. இதனைப் பெருவெற்றி என்று பறைசாற்ற வேண்டியதில்லை. ஆயினும், குடிகாரர் உள்ள வீட்டில் அத்தகைய ஒரு நாள் குறைவது எத்துணைப் பெரிதென்பதை அவ்வீட்டுப் பெண்களிடம் கேட்டால் தெரியும்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அப்பொத்தானின் மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தார். வாராந்த விடைகளை வாசிக்க ஓர் ஆலோசகர் இருந்தார். அவர்களை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் அலாரந்தான்.

2017-இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் ‘ரீசெட்’ என்னும் செயலியை, வைத்தியர் எழுதிக் கொடுக்கும் சிகிச்சையாக அனுமதித்தது. போதைப் பழக்கத்துக்கு அவ்வாறு அனுமதி பெற்ற முதற் செயலி அதுவே. பன்னிரண்டு வாரப் பாடங்களைக் கொண்ட அதனையும், நேரிற் பெறும் சிகிச்சையோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் அதற்குப் பணங்கொடுக்கக் காப்புறுதி நிறுவனங்கள் பல முன்வரவில்லை. அதனை விற்ற கம்பனி 2023-இல் நொடித்துப்போயிற்று. செயலி வேறு கைக்கு மாறியது.

நோயாளர் அஞ்சவேண்டிய வேறொன்றும் உண்டு. குடியை மறைக்கவே வாழ்நாளிற் பாதியைச் செலவிட்டவர், தம் இரகசியத்தை முதன்முதலாக ஒரு கருவியிடம் ஒப்படைக்கின்றார். அது எங்கே போகின்றது? இணையவழி மதுச் சிகிச்சை அளிக்கும் ‘மொனுமென்ற்’ என்னும் அமெரிக்க நிறுவனம், இரகசியம் காப்பதாக வாக்களித்துவிட்டு, பயனாளர் செய்திகளை விளம்பரத் தளங்களுக்கு வழங்கியது என்று அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2024-இல் குற்றஞ்சாட்டியது. விளம்பரத்துக்காக உடல்நலச் செய்திகளை இனி எவர்க்கும் கொடுக்கலாகாது என்று தடை விதிக்கப்பட்டது. முன்னரே கைமாறிய செய்திகளை அழிக்குமாறு, அவற்றைப் பெற்றுக்கொண்டோரை அந்நிறுவனமே கேட்கவேண்டும் என்பதும் அதிலே சேர்ந்திருந்தது.