கோட்டுச் சித்திரமும் இயந்திரக் கண்ணும்

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜெஃப்ரி ஹின்டனும், அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கேவர் என்ற அவருடைய மாணாக்கர் இருவரும் சேர்ந்து, பன்னிரண்டு லட்சம் புகைப்படங்களைக் காட்டிப் பயிற்றிய 'அலெக்ஸ்நெட்' என்னும் கணினி நரம்பு வலையமைப்பு, 2012-ஆம் ஆண்டின் பட இனங்காணல் போட்டியில் ஆயிரம் வகைப் பொருள்களை இனங்கண்டு, ஏனைய முறைகளையெல்லாம் வெகுதூரம் பின்னே விட்டுச் சென்றது பிரசித்தமான சரித்திரம்.

ஆயினும், புகைப்படங்களிலேயே பழகிய இத்தகைய இயந்திரத்தின்முன் பென்சிலால் வரைந்த பூனை ஒன்றை வைத்தால், அது பெரும்பாலும் தடுமாறிவிடுகிறது. காரணம் என்னவெனில், நாம் உருவத்தைப் பற்றிக்கொள்ளும் இடத்தில் அது தோலையும் ரோமத்தையும் பற்றிக்கொள்கிறது. ஜெர்மனியின் டூபிங்கன் நகர ஆராய்ச்சியாளர், பூனையின் வடிவத்துக்கு யானைத்தோலைப் போர்த்திக் காட்டியபோது, மனிதர் பூனை என்றார்கள். இயந்திரமோ யானை என்றது!

2019-இல் ஐம்பதாயிரம் கறுப்பு வெள்ளைச் சித்திரங்கள் பரீட்சைக்கெனத் தொகுக்கப்பட்டன. புகைப்படங்களில் நூற்றுக்கு 76 சரியாகச் சொன்ன ஒரு வலையமைப்பு, இச்சித்திரங்களில் 25-க்கு இறங்கியது. பின்னர், 2021-இல், இணையத்திலிருந்து திரட்டிய நாற்பது கோடிப் படங்களையும் அவற்றின் விளக்க வாசகங்களையும் கற்ற 'கிளிப்' என்னும் வலையமைப்பு அதே சித்திரங்களில் 60-ஐ எட்டியது மெய்யே. ஆனால் அந்தத் திரளில் சித்திரங்களும் கலந்திருந்தமையால், அது கோட்டின் பொருளை உணர்ந்ததா, கண்டு பழகியதா என்ற சந்தேகம் எனக்கு நீங்கவில்லை.

இவ்விடத்தில், நம் தமிழர் திரளாக வாழும் ஸ்காபரோவிலுள்ள அதே ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் பணிபுரிந்த உளவியல் பேராசிரியர் ஜான் கென்னடியை நினையாதிருக்க முடியவில்லை. ரப்பர் பலகைமீது பிளாஸ்டிக் தாளை விரித்து, எழுதினால் கோடு புடைத்தெழும்படி செய்து, பார்வையற்றவர்களிடம் அவர் கொடுத்தார். பிறவியிலேயே பார்வையில்லாதவர்கள்கூட, ஒருவரும் கற்பியாமலே, பொருளின் ஓரங்களைக் கோடாக்கி வரைந்தார்கள். பிறர் வரைந்ததையும் விரலால் தடவி அறிந்தார்கள். 1993-இல் வெளிவந்த அவருடைய நூல் இதனை விரிவாக நிறுவுகிறது. ஒரு பரப்பு எங்கே முடிகிறது என்பதைக் கோடு சொல்கிறது. அந்த முடிவிடத்தைக் கண்ணைப்போலவே கையும் அறியும் என்பதே அவர் கண்ட தத்துவம். ஸ்பரிச அனுபவமே இல்லாத இயந்திரத்துக்குப் புகைப்படங்களை மேன்மேலும் குவிப்பதால் மாத்திரம் அந்த ஞானம் சித்திக்குமென்று நான் நம்பவில்லை.