கை தளர்ந்தால் ஸ்கூட்டரை விற்றுவிட வேண்டுமா?

(சங்கக் கூட்டத்தில் பேசியது. சொல்ல விட்டுப்போன ஓரிரு விஷயங்களைச் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



நான் டாக்டரும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காகவே இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணுவது, எழுதி வைப்பது, மறுபடி சரிபார்ப்பது, இவ்வளவுதான் என் தொழில். அந்தப் பழக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்ததைத்தான் இன்று சொல்லப் போகிறேன். நம் குடியிருப்பில் அறுபது தாண்டியவர்கள் நிறைய பேர் இருக்கிறோம். கையில் வலி, மரப்பு, தேய்மானம் என்று லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் சொல்கிறீர்கள். அதனால்தான் இந்தத் தலைப்பு.

போன ஐப்பசி மழையில் ரயில் நிலையப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து, பிளேட் வைத்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு விரல்கள் முழுசாக மடங்கவில்லை. புனேயிலிருந்து மகன் போனில், "அப்பா, வண்டியை வித்துடுங்க, ஆட்டோவில் போங்க" என்றான். அவன் சொன்னதில் அக்கறை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் வீட்டம்மாவுக்கு மூட்டு வலிக்காக வாரத்தில் இரண்டு நாள் பிசியோதெரபி. மார்க்கெட், மருந்துக்கடை, ஸ்டேஷன் எல்லாவற்றுக்கும் நம் உள்சாலையிலிருந்து ஆட்டோ பிடித்துத்தான் போக வேண்டும் என்றால் பாதி வேலையை வேண்டாம் என்று விட்டுவிடுவோம். அப்படி விட்டுவிட்டு வீட்டோடு அடங்கிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் விற்பதா வேண்டாமா என்பதை மனசு சொல்வதை வைத்து முடிவு செய்யாமல், அளந்து பார்த்து முடிவு செய்வது என்று வைத்துக்கொண்டேன்.

முதல் கணக்கு கையின் பிடிவலு. பிசியோதெரபிஸ்டிடம் ஒரு கருவி இருக்கிறது. பிடித்து அழுத்தினால் எத்தனை கிலோ என்று முள் காட்டும். எனக்கு இடது கை 28, வலது கை 9. இந்த 9 எதற்குப் போதும், எதற்குப் போதாது? இருசக்கர வாகன பிரேக்குக்கான ஐ.நா. விதிகளில் ஒரு வரம்பு இருக்கிறது. வண்டியைச் சோதிக்கும்போது கை லீவரில் 200 நியூட்டன், அதாவது சுமார் 20 கிலோ அழுத்தம் வரை கொடுக்கலாம், அதற்குள் வண்டி நின்றாக வேண்டும். சாதாரணமாக ஓட்டும்போது அவ்வளவு தேவைப்படாதுதான். ஆனால் குழந்தை குறுக்கே ஓடி வந்தால் நாம் கொடுப்பது அந்த அழுத்தம். என் வலது கையில் அது இல்லை. ஆக, ஆக்சிலேட்டர் திருகுவது வெறும் சௌகரியப் பிரச்சினை. பிரேக் உயிர்ப் பிரச்சினை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இங்கே நமக்கு ஒரு நல்ல செய்தி. 125 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் 1 முதல் இணைந்த பிரேக் கட்டாயம் (125-க்கு மேல் என்றால் ஏ.பி.எஸ்.). கியர் இல்லாத ஸ்கூட்டரில் இடது லீவரை அழுத்தினால் பின்சக்கரத்தோடு முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். வலது லீவர் முன்சக்கரத்துக்கு மட்டும். என் வண்டி அதற்குப் பிறகு வாங்கியது. இடது கை நன்றாக இருப்பதால் பெரும்பாலான வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. உங்கள் வண்டி அதற்கு முந்தையது என்றால் கையேட்டைப் பாருங்கள். அல்லது ஒருவரை இடது லீவரை அழுத்தச் சொல்லிவிட்டு, குனிந்து முன்சக்கர டிரம்மில் இருக்கும் கை அசைகிறதா என்று பாருங்கள். அசையவில்லை என்றால் இடது கை பின் பிரேக் மட்டும்தான். பிரேக் போடும்போது வண்டியின் எடை முன்னால் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையது. அப்படிப்பட்ட பழைய வண்டியை வலது கை பலவீனமானவர் ஓட்டக் கூடாது என்பது என் கருத்து. வண்டியை மாற்றுங்கள்.

அடிபட்டது இடது கை என்றால் கதை தலைகீழ். இணைந்த பிரேக், ஹாரன், இண்டிகேட்டர், டிம்-டிப் எல்லாம் அந்தப் பக்கம். வலது கை நன்றாக இருக்கிறதே என்று நம்பி இறங்கினால் முன் பிரேக் மட்டும்தான் கையில் நிற்கும். மழையில் மணல் படிந்த திருப்பத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நம்மில் பலர் பஜாஜ் சேத்தக் ஓட்டியவர்கள். அதில் பின் பிரேக் காலில் இருந்தது. ஆனால் கியரும் கிளட்சும் இடது மணிக்கட்டில். ஒவ்வொரு காலத்து வண்டியும் ஒவ்வொரு உறுப்பிடம் வேலை வாங்கியிருக்கிறது!

பிரேக் கணக்கை எப்படிச் சரிபார்த்தேன் என்று சொல்கிறேன். காலை 6 மணிக்கு, பின்பக்கக் காலி ரோட்டில், சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் பிரேக் பிடித்து, எங்கே நிற்கிறது என்று டேப்பால் அளந்தோம். சி பிளாக் நண்பர் ஒருவர் உதவினார். இடது லீவர் மட்டும் பிடித்து, 20 கி.மீ. வேகத்தில் சுமார் 4 மீட்டர். 30-ல் சுமார் 9 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் இரண்டேகால் மடங்கு. 40 என்றால் 16 மீட்டர் என்று கணக்கே சொல்லிவிடும், ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இதோடு, பார்த்து, புரிந்து, கை அழுத்துவதற்குள் ஒரு நொடி போகும். 30 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி என்பது 8 மீட்டருக்கு மேல். இதை வைத்து நான் எடுத்த முடிவு: 30-ஐத் தாண்டுவதில்லை, இரவில் எடுப்பதில்லை, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறுவதில்லை. கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு ஆட்டோதான். உள்சாலைகளுக்கு வண்டி.

இனி ஆக்சிலேட்டர். வலது கை முழுசாக மூடாதபோது மெல்லிய கைப்பிடியைப் பிடிப்பதுதான் கஷ்டம். பருமனான கைப்பிடி என்றால் விரல் பாதி மடங்கினாலே போதும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஃபோம் உறை கிடைக்கிறது. அதை மாட்டுவதில் இரண்டு விஷயம். ஒன்று, கைப்பிடி பருமனானால் லீவர் எட்டுவது தூரமாகிவிடும். சின்னக் கை உள்ளவர்களுக்கு ஒன்றைச் சரி செய்யப் போய் இன்னொன்று கெடும். மாட்டிய பிறகு விரல் லீவரைச் சுற்றிப் போகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, உறையின் ஓரம் சுவிட்ச் பெட்டியில் உரசினால், கையை விட்டாலும் ஆக்சிலேட்டர் திரும்பி வராது. என் உறை அப்படித்தான் உரசியது. பிளேடால் ஓரத்தைச் சீவி, கொஞ்சம் இடைவெளி விட்டு மாட்டினோம். எந்த வேலை செய்த பிறகும் இந்தச் சோதனை: இன்ஜின் ஓடாதபோது ஹாண்டிலை நேராக, முழு இடது, முழு வலது என்று மூன்று நிலையில் வைத்து ஆக்சிலேட்டரை முறுக்கிக் கையை விடுங்கள். மூன்றிலும் 'டக்' என்று திரும்ப வேண்டும்.

ஆக்சிலேட்டர் கனமாக இருந்தால் முதலில் கேபிளைப் பாருங்கள். மழைத்தண்ணீரும் தூசியும் இறங்கி உள்ளே இறுகியிருக்கும். மாற்றினாலோ எண்ணெய் விட்டாலோ பாதிக் கனம் போய்விடும். நான் போன ஒரு பட்டறையில், "சார், ஸ்பிரிங்கை கொஞ்சம் லூஸ் பண்ணிட்டா வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்றார் அந்தத் தம்பி. வேண்டாம் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். கையை விட்டால் வேகம் குறைவதற்கு இருக்கும் ஒரே ஆள் அந்த ஸ்பிரிங்தான். அதை யார் தொடச் சொன்னாலும் தொடாதீர்கள்.

கைப்பிடியில் மாட்டும் ஒரு பிளாஸ்டிக் பலகை உண்டு, உள்ளங்கையால் அழுத்தினாலே ஆக்சிலேட்டர் திரும்பும். நீண்ட நேர்ச்சாலையில் ஓட்டுபவர்களுக்கு அது வரப்பிரசாதம். நமக்கு அது ஒத்துவராது என்பேன். பார்க்கிங்கில் வண்டியைத் திருப்பும்போது கையை ஊன்றினால் அதுவே வேகம் கொடுத்துவிடும். நம் பேஸ்மென்ட் தூண்களுக்கு நடுவில், சைக்கிள் விடும் பிள்ளைகளுக்கு நடுவில், அது வேண்டாம்.

செலவே இல்லாத சில காரியங்கள். முன் டயரில் காற்றுக் குறைந்தால் ஹாண்டில் கனக்கும். கையேட்டில் சொன்ன அளவை வாரம் ஒருமுறை பாருங்கள். காய்கறிப் பையை ஹாண்டிலில் தொங்கவிடாமல் முன் கொக்கியிலோ டிக்கியிலோ வையுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட வேண்டாம், சைடு ஸ்டாண்ட் போதும். போட்டிருந்தால் இன்ஜின் ஓடாத அமைப்பு உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் மெதுவாக இருக்கட்டும் என்று நட்டைத் தளர்த்தாதீர்கள். லீவர் கைப்பிடியில் இடிக்கும் நிலை வந்தால், பலவீனமான கைக்கு மிஞ்சியிருக்கும் வலுவும் வீணாகும். சாவியைத் திருப்ப முடியாதவர்கள் அதன் வளையத்தில் விரல் நீளக் குச்சி ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். நெம்புகோல் மாதிரி திரும்பும். கிளம்பும்போது குச்சியைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் முழங்காலில் தட்டும். ஹெல்மெட்டில் ஒரு கையால் 'கிளிக்' என்று மாட்டும் பக்கிள் உள்ளதாக, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வாங்குங்கள். முத்திரை இல்லாததை விற்கவே 2021 ஜூன் 1 முதல் தடை.

மின்சார ஸ்கூட்டர் பற்றிச் சிலர் கேட்டீர்கள். ஆக்சிலேட்டரில் கேபிள் கிடையாது, மிக லேசாகத் திரும்பும். கையை விட்டாலே மோட்டார் வேகத்தை இழுத்துப் பிடிக்கும். டிஸ்க் பிரேக் இருந்தால் அழுத்தமும் குறைவு. நம் ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். ஐக்யூப், ஏதர் இரண்டிலும் பின்னால் போகும் வசதி இருக்கிறது, தள்ளும் வேலை மிச்சம். ஆனால் எடுப்பு அதிகம். திடீரென்று முறுக்கினால் மணிக்கட்டு இழுபடும். வாங்குமுன் ஓட்டிப் பாருங்கள். சார்ஜிங் பாயிண்ட் விவகாரத்தை நான் இங்கே தொடவில்லை, செயலாளர் முகம் மாறுகிறது.

சட்டம். கைப்பிடி உறை, பக்கிள் எல்லாம் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் பக்கச் சக்கரம் பொருத்துவது போன்ற மாற்றம் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவில் வருகிறது. ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று, ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதியாமல் மாற்றிவிட்டு விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். பதிந்துவிட்டால் லாபமும் உண்டு. உடல் குறைபாடு உள்ளவர்களுக்காக மாற்றப்பட்டதாக ஆர்.சி.யில் இருக்கும் வண்டிக்கு, சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி மோட்டார் டாரிஃபில் ஐ.எம்.டி. 12 என்ற எண்ணில் இருக்கிறது. ஏஜெண்ட் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள் கேட்க வேண்டும். தமிழக அரசு இலவசமாகத் தரும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் கால் பாதிக்கப்பட்டு, கை நன்றாக உள்ளவர்களுக்கானது. நம் கேஸ் அதில் வராது.

லைசென்ஸ் விஷயம் இன்னும் முக்கியம். 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் 5 வருடம்தான். ஒவ்வொரு முறையும் படிவம் 1-ஏ மருத்துவச் சான்று வேண்டும். கை கால் நிலையை டாக்டர் அதில் எழுதுவார். எனக்கும் இந்த வருடம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பிளேட் வைத்ததையும், பிடிவலுக் கணக்கையும், சாக்பீஸ் கணக்கையும் டாக்டரிடமே காட்டினேன். அவர் மூன்று மாதம் பயிற்சி செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பினார். களிமண் மாதிரி ஒரு உருண்டையைப் பிசைவது, பந்தை அழுத்துவது, இவ்வளவுதான் பயிற்சி. 9 கிலோ 16 ஆனது. அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அந்த மூன்று மாதம் வண்டி உறை போட்டபடி நின்றது. வீட்டம்மா ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை, அதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

கை போனால் எல்லாம் போயிற்று என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கைகளுக்கென்றே தனி அறுவைச் சிகிச்சைத் துறை நம் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் இருக்கிறது. டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971-ல் தொடங்கியது. 2018-ல் இரண்டு கைகளும் இழந்த ஒருவருக்கு அங்கே மாற்றுக் கைகள் பொருத்தினார்கள். 2023 டிசம்பரில் கேரளத்தில் கைகளே இல்லாமல் பிறந்த ஒரு பெண், காலால் ஓட்டும்படி மாற்றிய காருக்கு லைசென்ஸ் வாங்கினார். அடுத்த வருடமே நம் வியாசர்பாடியில் மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த ஓர் இளைஞரும் வாங்கினார். இரண்டு பேருமே மருத்துவ, ஆர்.டி.ஓ. சோதனைகளை முறைப்படி கடந்து, அனுமதியோடு செய்தவர்கள்.

16-க்குக் கீழே மறுபடி இறங்கினால் என்ன செய்வது என்றும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கருவியில் அளப்பது, 12-க்குக் கீழே போனால் சாவியை வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுவது. இது மகனுக்கும் தெரியும். அடுத்த அளவு தை மாதம்.

வருகிற ஞாயிறு காலை 6 மணிக்கு அந்தப் பின்பக்க ரோட்டில் சாக்பீஸும் டேப்பும் கொண்டு வருகிறேன். உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்க விருப்பமுள்ளவர்கள் ஹெல்மெட்டோடு வாருங்கள். ஏ பிளாக்கில் இரண்டு பேர் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்கள்.