பாடம் அமைப்பதில் மாணவர்க்கும் பங்குண்டு

(ஜமாஅத் ஆண்டு விழாவில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



அடி அண்ணாமலையிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகளிற் பலர் தமிழ்வழியில் பயின்றவர்கள். கணினிப் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும்போது, புரியாததைக் கேட்கக் கூசி வாய்மூடி அமர்ந்துவிடுகின்றனர். தேர்வில் தவறினால், "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று நாமே தீர்ப்பளித்துவிடுகிறோம். குறை பாடம் அமைக்கப்பட்ட முறையிலும் இருக்கலாம் அன்றோ?

மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று உருவாக்கிய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தைக் காண்போம். மென்பொருள்களைக் கற்பிக்கும் இதன் ஒளி-ஒலிப் பாடம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 நிமிடமே. ஒலிப்பதிவுக்கு முன், பாடத்தின் எழுத்துப் படியை அம்மென்பொருளை அறியாத புதியவர் ஒருவரிடம் தந்து செய்துபார்க்கச் சொல்கின்றனர். அவர் தடுமாறினால் பாடமே திருத்தப்படுகிறது. இப்பாடங்கள் தமிழிலும் குரல் பெற்றுள்ளன.

அதே நிறுவனத்தின் 'ஃபாசீ' திட்டத்தில், மாணவர்களும் ஆசிரியர்களும் பாடநூல்களிலுள்ள தீர்வு கண்ட கணக்குகளைச் 'சைலேப்' என்னும் கட்டற்ற மென்பொருளில் எழுதித் தருகின்றனர். சரிபார்த்தபின், எவரும் விலையின்றிப் பயன்படுத்துமாறு அவை இணையத்தில் வைக்கப்படுகின்றன.

எதைக் கற்க வேண்டும் என்பதை ஆசிரியரே அறிவார். அவர் தகுதியை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் எவ்விடத்தில் புரியவில்லை என்பதை மாணவரே சொல்ல இயலும். தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் முன்னாள் மாணவர் ஒருவரும் இடம்பெறப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறை வகைசெய்கிறது. படித்து முடித்தவரின் சொல்லுக்கு இடமுண்டெனில், படித்துக்கொண்டிருப்பவரின் சொல்லும் ஆசிரியர் செவிக்கு எட்டவேண்டும்.

ஆகவே, ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் மதரஸா கூடத்தில் கல்லூரிப் பிள்ளைகள் கூடி, இத்தமிழ்ப் பாடங்களைக் கணினியில் செய்துபார்க்க வேண்டுகிறோம். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம். தடுமாறும் இடங்களைக் குறிப்பேட்டில் எழுதி, மரியாதையுடன் தத்தம் பேராசிரியரிடம் காட்டட்டும். மூத்த மாணவர்கள் இளையோருக்கு எளிய தமிழில் விளக்கம் எழுதி, ஆசிரியரைக் கொண்டு திருத்திப் பெறட்டும். வசதியுள்ளோர் பழைய கணினி ஒன்றேனும் தந்துதவ வேண்டும்.

பெற்றோர்களே! மதிப்பெண்ணைக் கேட்குமுன், "இன்று எது விளங்கவில்லை?" என்று பரிவோடு கேளுங்கள். அக்கேள்விக்கு வீட்டில் அஞ்சாமல் விடை சொல்லும் பிள்ளை, நாளை வகுப்பிலும் எழுந்து நின்று பேசும்.