மண்ணை மூடியவர் மழைக்குப் பணம் கட்டட்டும்



2015 டிசம்பர் வெள்ளத்தை இந்தச் சென்னை மறக்காது. அதற்குப் பிறகு வடிகால் கட்டப் பெரும்பணம் வந்தது. கொசஸ்தலையாற்று வடிநிலப் பகுதிக்கு மட்டும் 2021-ல் ஆசிய வளர்ச்சி வங்கி 25 கோடியே 10 லட்சம் டாலர் கடன் ஒதுக்கியது. வரவேற்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: கடன் வாங்கிக் கால்வாய் கட்டலாம், ஆண்டுதோறும் கடன் வாங்கியா தூர் வாருவது?

ஐப்பசி அடைமழைக்கு முன் நம் தெருவில் வடிகால் மூடியைத் திறக்கும்போது நின்று பாருங்கள். கறுத்த சேறு, இளநீர்க் கூடு, பிளாஸ்டிக் பை, யாரோ வீடு கட்டி மிஞ்சிய ஜல்லி. இத்தனையையும் அள்ள ஆள் வேண்டும், இயந்திரம் வேண்டும், லாரி வேண்டும். வருடா வருடம் வரும் செலவு இது. இதற்கு வருடா வருடம் வரும் வருமானம் வேண்டாமா?

அந்த வருமானத்துக்கு வழி கண்ட ஊர்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் பெல்வியூ நகரம் 1974-லேயே மழைநீருக்கென்று தனி அமைப்பும் தனிக் கட்டணமும் ஏற்படுத்தியது. பெர்லினில் கழிவுநீருக்கு ஒரு கட்டணம், மழைநீருக்கு வேறு கட்டணம். எத்தனை சதுர மீட்டர் தரையை, கூரையை நீர் இறங்காமல் மூடி வடிகாலில் விடுகிறீர்களோ, அத்தனைக்கும் பணம். பிலடெல்பியாவிலும் மூடிய பரப்பைக் கணக்கில் கொண்டு கட்டணம் போடுகிறார்கள். நீரைத் தன் இடத்திலேயே தேக்கி இறக்குபவருக்குச் சலுகையும் தருகிறார்கள்.

இதில் நியாயம் இருக்கிறது, நண்பர்களே! நம் சொத்து வரி கட்டடத்தின் பரப்பைப் பார்க்கிறது; தரையை எவ்வளவு மூடினோம் என்று பார்ப்பதில்லை. ஒரு கிரவுண்டில் பாதியை மண்ணாக விட்டு வேப்பமரம் வளர்ப்பவரும், சுவருக்குச் சுவர் சிமென்ட் பூசித் தண்ணீரைத் தெருவில் தள்ளுபவரும் ஒன்றா? ஏக்கர் கணக்கில் தார் போட்டு வண்டி நிறுத்தும் வணிக வளாகமும், ஒற்றை அறையில் வாழும் ஏழைக் குடும்பமும் ஒன்றா?

ஆகவே நான்கு கோரிக்கைகளை இந்த மன்றத்தில் வைக்கிறேன். மூடிய பரப்புக்கு ஏற்ற மழைநீர்க் கட்டணம் வரட்டும். சிறு வீடுகளுக்கு விலக்கு இருக்கட்டும். 2003 முதல் இங்கே கட்டாயமான மழைநீர் சேகரிப்பைப் பெயருக்கு வைக்காமல் உண்மையாகப் பராமரிப்பவருக்குச் சலுகை கிடைக்கட்டும். வசூலான ஒவ்வொரு ரூபாயும் தனிக் கணக்கில் நின்று, எந்தத் தெருவில் தூர் வாரச் செலவானது என்பது வார்டு அலுவலகப் பலகையில் எழுதப்படட்டும்.

கணக்குக் காட்டினால் கட்டணம் கட்ட நம் மக்கள் தயங்கமாட்டார்கள். அடுத்த வார்டு சபைக் கூட்டத்துக்கு ஒருவர் விடாமல் வாருங்கள். இதைத் தீர்மானமாக நிறைவேற்றுவோம்.