பார்க்கிங்ல விழுற கீறல்: திருச்சுழிக்குப் புது கார் எடுத்துட்டுப் போன கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் சொந்தக் கதை, கொஞ்சம் டிப்ஸ். ஊருக்குப் போனா காரோட கதவுலயும் பாடியிலயும் விழுற கீறல், டெண்ட் பத்திப் பேசப் போறோம். ஓட்டும்போது விழுறது தனி எபிசோட். இது நிறுத்தி வச்சிருக்கும்போது விழுறது.

நான் கார் எடுத்து மூணு மாசம்தான் ஆகியிருந்தது. ஏழு வருஷ லோன். ஊர்ல ஒரு காதுகுத்து வந்துச்சு. மதுரையில இருந்து தூத்துக்குடி ரோட்டுல சுமார் 50 கிலோமீட்டர் வந்தா அருப்புக்கோட்டை. அங்கிருந்து கிழக்கே போனா திருச்சுழி, ரமண மகரிஷி பிறந்த ஊர். அதுக்குப் பக்கத்துல ஒரு கிராமத்துலதான் எங்க அத்தை வீடு. வழியெல்லாம் கரிசக்காடு, ரெண்டு பக்கமும் சீமைக் கருவேலம். போய்ச் சேரும்போது என் கறுப்புக் கார் மண் கலர்ல இருந்துச்சு.

தெருவுல வேப்பமரத்து நிழல் இருந்தது. அங்கேயே நிறுத்திட்டு உள்ள போயிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தா, அத்தையோட பேரன், ஏழு வயசு, கதவுல இருந்த தூசியில தன் பேரை எழுதிக்கிட்டு இருக்கான். ரெண்டு எழுத்து முடிஞ்சிருச்சு. நான் கத்தின கத்துல பந்தல்ல இருந்த எல்லாரும் திரும்பிட்டாங்க. பையன் அழுதுகிட்டே உள்ள ஓடிட்டான். அத்தை எதுவும் பேசல.

மறுநாள் காலையில எந்திரிச்சு வந்தா கார் பளபளன்னு நிக்குது. அத்தை கையில ஒரு பழைய வேட்டித் துணி. "ஏய்யா, பிள்ளை எழுதுனத அழிச்சுட்டேன். ஒனக்கு மனசு கஷ்டமா இருக்கும்னு விடியக்காலமே எந்திரிச்சு முழுசாத் தொடச்சுட்டேன்"னு சொல்றாங்க. தண்ணி தொடாம, காஞ்ச துணியால, வண்டி முழுக்க.

வெயில் ஏறினதும் தெரிஞ்சது. பானெட்ல இருந்து பின்கதவு வரைக்கும் சிலந்தி வலை மாதிரி வளைய வளையமா கீறல். பையன் போட்டது ரெண்டு எழுத்து. நான் கத்தினதால விழுந்தது வண்டி முழுக்க. "நல்லா இருக்கு அத்தை"ன்னு மட்டும் சொன்னேன்.

தூசி என்ன பண்ணுது?

கார் பெயிண்ட்ல பல அடுக்கு இருக்கு. எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான். மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. மேல இருக்குற கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான் இருக்கும். ஒரு தலைமுடியே சுமார் 70 மைக்ரான். அதாவது, வண்டிக்குப் பளபளப்பு கொடுக்குற அடுக்கு நம்ம முடியை விட மெல்லிசு.

ரோட்டுத் தூசியில பொடி மணல் இருக்கு. மணல்ல பெரும்பாலும் இருக்குறது குவார்ட்ஸ், அது கண்ணாடியையே கீறும். அதுக்கு மேல விரல் வச்சு இழுத்தாலும், காஞ்ச துணி வச்சுத் தேய்ச்சாலும் உப்புத்தாள் போடுற மாதிரிதான். தூசி படிஞ்ச வண்டி மேல கவர் போடுறதும் அதே கதை. காத்துல கவர் படபடன்னு அடிக்கும், நாள் முழுக்கத் தேய்க்கும்.

அதனால முதல் விஷயம்: தூசியோட இருந்தா அப்படியே இருக்கட்டும். துடைச்சே ஆகணும்னா ஒரு குடம் தண்ணி போதும். கூரையில இருந்து மெதுவா ஊத்தி மண்ணை இறக்கிட்டு, அப்புறம் ஈரமான மைக்ரோஃபைபர் துணி. தண்ணிக்கே லாரி வர்ற ஊர்ல குடம் குடமா ஊத்தாதீங்க. திரும்பி வரும்போது வாட்டர் சர்வீஸ்ல விட்டுக்கலாம். பல கிராமத்துல போர் தண்ணி உப்பா இருக்கும். உச்சி வெயில்ல ஊத்தினா காஞ்சு வெள்ளைக் கறை நிக்கும், சாயங்காலமா ஊத்துங்க.

எங்க நிறுத்துறது?

நிழல்னு கண்ணை மூடிட்டு நிறுத்தாதீங்க. வேப்பமரத்துல காக்கா எச்சம் விழும். வெயில்ல அது காய்ஞ்சா கிளியர் கோட்டை அரிச்சுடும். சுரண்டாம, ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போட்டு ஊறவிட்டு எடுங்க. சீமைக் கருவேலத்துக்குக் கீழ போனா கதவுல முள் கோடு போடும், டயருக்கும் ஆபத்து. இந்தப் பக்கம் ஆடும் மயிலும் நிறைய. நிழல்ல நிக்குற பானெட் மேல ஆடு ஏறிடும். பளபளப்பான கதவுல தன் உருவத்தைப் பார்த்து வேற மயில்னு கொத்துற மயிலும் உண்டு. வீட்டுச் சுவர் நிழல், இல்லேன்னா களத்து ஓரம் பரவாயில்ல. பிள்ளைங்க விளையாடுற இடத்துல நிறுத்திட்டு அவங்களைத் திட்டுறது நம்ம தப்பு.

அருப்புக்கோட்டை டவுனுக்குள்ள, மண்டபத்து வாசல்ல எல்லாம் பிரச்சினை டூவீலர். சைடு ஸ்டாண்ட் வண்டியோட இடது பக்கம் இருக்கும். மழை பேஞ்ச கரிசல் மண்ணுல ஸ்டாண்ட் மெல்ல இறங்கும், வண்டி இடது பக்கமாத்தான் சாயும். அதனால பைக்குக்கு இடது பக்கம் ஒட்டி காரை நிறுத்தாதீங்க. வேற வழியே இல்லேன்னா ஒரு ஆள் படுக்குற அளவு இடம் விடுங்க.

அடுத்து காத்து. ஆடி மாசம் அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லல. காத்து பின்னால இருந்து அடிச்சா, கதவைத் திறந்ததும் கையை விட்டுப் பிடுங்கிட்டுப் போய் பக்கத்து வண்டியில இடிக்கும், கீலும் வளையும். ஆடியில பெரும்பாலும் மேல்காத்து. முடிஞ்சா வண்டி முகத்தை மேற்கே வச்சு நிறுத்துங்க. காத்து கதவை மூடுற பக்கமா தள்ளும்.

கதவைத் திறக்குற கை

இது பெயிண்ட்டை விடப் பெரிய விஷயம். டிரைவர் சீட்ல இருந்து வலது கையால கதவைத் தள்ளாம, இடது கையால திறந்து பாருங்க. உடம்பு தானா திரும்பும், தலையும் திரும்பும், பின்னால வர்றது தெரியும். நெதர்லாந்துல பழக்கமான முறை இது. பிரிட்டன் 2022-ல தன்னோட சாலை விதிப் புத்தகத்துலயே சேர்த்துருச்சு. பூ மூட்டையைக் கட்டிக்கிட்டு டிவிஎஸ் எக்ஸ்எல்ல வர்றவரு மேல நம்ம கதவு பட்டா, நமக்கு ஒரு டெண்ட், அவருக்கு உயிர். பின் சீட்டுல இருக்குற சித்தப்பா, பெரியம்மாவுக்கும் சொல்லிக் கொடுங்க: ஜன்னல் பக்கக் கையை விட்டுட்டு மறு கையால திறக்கணும்.

காசு எதுல போடலாம்?

கதவு விளிம்புக்கு ரப்பர் கார்டு, கதவு நடுவுல பீடிங்: விலை கம்மி, பார்க்கிங் அடிக்கு உண்மையிலேயே உதவும். பிபிஎஃப்ங்கற பிளாஸ்டிக் படலம் 150, 200 மைக்ரான் தடிமன். கீறலைத் தாங்கும், விலை அதிகம். செராமிக் கோட்டிங் போட்டா கழுவ ஈஸி, பளபளப்பு நிக்கும், ஆனா டெண்ட்டைத் தடுக்காது. முன்னாடி இரும்புக் கம்பி மாட்டுற ஐடியா இருந்தா விட்டுருங்க. 2017 டிசம்பர்லயே மத்திய அரசு அது சட்டவிரோதம்னு சொல்லிடுச்சு.

கீறல் விழுந்தாச்சுன்னா நகத்தை வச்சுத் தடவிப் பாருங்க. நகம் மாட்டலேன்னா பாலிஷ்ல போயிடும். மாட்டினா பெயிண்ட் வேலை. பெயிண்ட் உடையாத டெண்ட்டை உள்பக்கமா தள்ளி எடுக்குறவங்க இருக்காங்க, உடனே டிங்கரிங், பெயிண்ட்னு போக வேண்டாம்.

சின்ன அடிக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் போடுறதுக்கு முன்னாடி கணக்குப் போடுங்க. 1500 சிசி வரைக்கும் 1,000 ரூபா, அதுக்கு மேல 2,000 ரூபா கட்டாயம் நம்ம கையில இருந்து போகும். கிளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20 சதவீதத்துல ஆரம்பிச்சு 50 வரைக்கும் ஏறுற தள்ளுபடியும் போயிடும். மூவாயிரம் ரூபா கீறலுக்குக் கிளெய்ம் போட்டா பல நேரம் நஷ்டம்தான்.

திரும்பப் போனப்போ

சென்னை வந்து பாலிஷ் போட்டேன். வளையக் கீறல் எல்லாம் போயிடுச்சு. அந்த ரெண்டு எழுத்து மட்டும், வெயில் சாய்வா விழுந்தா லேசாத் தெரியும். விரலால எழுதினானா, குச்சியாலயான்னு நான் கேக்கல. இன்னொரு தடவை தேய்ச்சா அதுவும் போகும், ஆனா ஒவ்வொரு பாலிஷுக்கும் கிளியர் கோட் குறையும். விட்டுட்டேன்.

பொங்கலுக்குப் போனப்போ களத்து ஓரமா நிறுத்தினேன். பையன் கிட்ட வரல, தூரமா நின்னு பார்த்தான். ஒரு குடம் தண்ணி எடுத்து வச்சு, சொம்பை அவன் கையில கொடுத்தேன். "மேல இருந்து ஊத்து மாப்ள, தேய்க்கக் கூடாது"ன்னேன். முதல் சொம்பு என் மேலதான் விழுந்துச்சு. அத்தை வாசல்ல நின்னு பார்த்துட்டு, "அந்த வேட்டித் துணி வேணுமாய்யா?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு நடந்ததை அப்பத்தான் சொன்னேன். "அன்னைக்கே சொல்லிருக்கலாம்லய்யா"ன்னு சிரிச்சாங்க.

அவ்வளவுதான் மக்களே. உங்க கார்ல யார் போட்ட கீறல் இருக்கு, அதுக்காக யார்கிட்ட கத்துனீங்க? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.